ஐஸ் ஹாக்கி ஆட வெளிநாடு போகும் பிள்ளை: விமானம் ஏறுமுன் வீட்டில் முடிக்க வேண்டியவை

விழுந்தவன் தானே எழுந்து பெஞ்சுக்கு வந்துவிட்டான் என்றால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருளல்ல. மூளை அதிர்வு கண்ட பெரும்பாலோர் மயங்கி விழுவதே இல்லை. சன்வே பிரமிட் பனி ரிங்கில் ஆடும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும், வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். ஆட்டக்காரருக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

மலேசியாவில் சம்பளம் வாங்கி ஐஸ் ஹாக்கி ஆட ஒரு லீக் இல்லை. இதையே தொழிலாக்க நினைக்கும் பிள்ளை பதினைந்து, பதினாறு வயதில் கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ பின்லாந்துக்கோ கிளம்ப வேண்டியிருக்கிறது. பெற்றோர் பிரிக்பீல்ட்ஸிலோ சுபாங்கிலோ இருப்பார்கள். பெரிய ஆட்டக்காரர்களைக் கவிழ்த்தவை என்று பார்த்தால் தலைக்காயம், வலி மாத்திரை, மது, கடன், யாரிடமும் வாய் திறக்காத தனிமை ஆகியவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரச்சினை வந்த பிறகு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து எதையும் சரிசெய்வது கஷ்டம். ஆகவே இங்கே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் பெட்டி கட்டும் முன்பே முடிக்க வேண்டியவை. எழுத வசதியாக 'அவன்' என்றிருக்கிறோம். பெண் பிள்ளைகளுக்கும் எல்லாம் பொருந்தும்.

மோதலுக்குப் பழக்குங்கள்

கனடாவில் 13, 14 வயதுப் பிரிவிலிருந்துதான் உடலால் மோதித் தடுக்கும் ஆட்டம் தொடங்குகிறது. அங்குள்ள பிள்ளைகளுக்கு அதைப் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மோதல் அதிகம் இல்லாத ஆட்டத்தில் வளர்ந்த நம் பிள்ளை நேராகப் பதினாறு வயதில் அதற்குள் போய் விழுகிறான். கால் வேகமும் கைத்திறமையும் இருக்கும், அடியை எப்படி வாங்குவது என்பது மட்டும் தெரியாது. முதல் பருவத்திலேயே காயப்பட்டுத் திரும்புவதற்கு இது போதும்.

கற்றுக்கொடுக்க வேண்டிய இடம் ரிங்கைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையின் ஓரம். பலகையிலிருந்து மூன்று, நான்கு அடி தூரம்தான் ஆபத்தான இடம். பலகையை ஒட்டி நின்றால் பலகையே தாங்கிக்கொள்ளும்; தள்ளி நின்று முதுகில் இடி வாங்கினால் தலை முன்னால் போய் மோதும். பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) துரத்தும்போது பலகைக்கு நேராகப் போகாமல் சாய்வாகப் போக வேண்டும். போகும் வழியில் தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். தோளும் இடுப்பும் முதலில் பலகையில் படட்டும். தடுமாறித் தலை முன்னே போகிற மாதிரி இருந்தால் தலையைக் குனியவே கூடாது, நிமிர்த்த வேண்டும். குனிந்தால் கழுத்தெலும்புகள் ஒரே கோடாக நேராகி, இடியின் முழு விசையும் அவற்றில் இறங்கிவிடும். கழுத்து முறிந்து கைகால் செயலிழப்பது இப்படித்தான். முதலில் ஸ்கேட் இல்லாமல் நடை வேகத்தில், பிறகு மெல்ல பனிமேல் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் பத்து நிமிடம் ஒதுக்கினால் உடம்பு தானாகவே பழகிக்கொள்ளும்.

கழுத்துக் காப்பை எடுத்துவிட இடம் கொடுக்காதீர்கள். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில், எதிர் ஆட்டக்காரரின் ஸ்கேட் பிளேடு கழுத்தில் வெட்டி ஆடம் ஜான்சன் இறந்தார். அதன்பின் சர்வதேசக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் அதைக் கட்டாயமாக்கியது. ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. விலை கூடிய ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

தலையில் அடிபட்டால்

கிளம்பும் முன் விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் அடிப்படைச் சோதனை ஒன்றை எடுத்து வையுங்கள். இதற்கு உலகெங்கும் பயன்படுவது ஸ்கேட்-6 (SCAT6) என்ற மூளை அதிர்வுச் சோதனைப் படிவம். பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒன்றும் சிறுவர்களுக்குத் தனியாக ஒன்றும் உண்டு. சொற்களை ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்வது, மாதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்வது, ஒற்றைக் காலில் நிற்பது என்று கால் மணி நேர வேலைதான். அடிபட்ட அன்று அங்கே எந்த மொழியில் கேட்பார்களோ அதே மொழியில் இங்கும் எடுங்கள். தமிழில் எடுத்த மதிப்பெண்ணை ஆங்கிலத்தில் எடுத்ததோடு வைத்துப் பார்க்க முடியாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: நாளைக்கு அடிபட்டாலும் வித்தியாசம் தெரியக்கூடாது என்று சில ஆட்டக்காரர்கள் இந்தச் சோதனையை வேண்டுமென்றே மோசமாகச் செய்கிறார்கள். அந்த யோசனை யாராவது அவன் காதில் போடுமுன் நீங்களே எடுத்துச் சொல்லி, அது யாரை ஏமாற்றுகிறது என்று விளக்கிவிடுங்கள்.

அடிபட்டதும் பெஞ்சில் கேட்க ஐந்து கேள்விகள்: இது எந்த ரிங்க்? இப்போது எத்தனையாவது பீரியட்? கடைசி கோலை யார் போட்டது? போன ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தோமா? ஒன்று தப்பினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியும் தலைவலி, தள்ளாட்டம், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, எதைக் கேட்டாலும் ஒரு நொடி தாமதித்துப் பேசுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதே முடிவுதான். சந்தேகமாக இருந்தாலும் உட்கார வையுங்கள். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் இளம் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனாலும் வந்தால் திரும்ப வழியில்லை.

கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கைகால் மரத்துப்போதல் அல்லது பலமிழத்தல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, வலிப்பு, நினைவு தப்புதல், வழக்கமில்லாத கோபமும் குழப்பமும் ஆகிய எது தெரிந்தாலும் கோச்சின் கருத்துக்குக் காத்திருக்காமல் நம் ஊரில் 999 அழையுங்கள். கழுத்து வலித்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், ஆளை அசைக்காதீர்கள்.

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லையென்றால் முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. ஓய்வு என்றால் இருட்டறையில் ஒரு வாரம் பூட்டி வைப்பதல்ல. வீட்டுக்குள் நடமாடலாம், மெதுவாக நடக்கலாம். கைப்பேசியையும் வீடியோ கேமையும் அந்த இரண்டு நாள் குறைக்க வேண்டும், இதில்தான் சண்டை வரும். பிறகு ஆறு படிகள்: அன்றாட வேலை, சைக்கிள் மாதிரி மெல்லிய உடற்பயிற்சி, தனியாகப் பனியில் ஸ்கேட் செய்வது, அணியோடு மோதலில்லாப் பயிற்சி, மோதலோடு பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஒரு படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி கொஞ்சம் தலைகாட்டி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வேண்டும். நான்காம் படி தொடங்குமுன் அறிகுறி முற்றிலும் நின்று, மருத்துவரின் எழுத்துச் சான்று கையில் இருக்க வேண்டும். பதின்ம வயதில் ஒரு மாதம் ஆவது இயல்பு. ஆட்டத்துக்குத் திரும்புமுன் பள்ளிப் பாடத்துக்கு முழுதாகத் திரும்பியிருக்க வேண்டும்; கணக்கு போட முடியாத தலையோடு ஹாக்கி ஆட முடியாது.

'ஒரு மாதம் உட்கார்ந்தால் இடம் போய்விடும்' என்று பிள்ளை அழுவான். சிட்னி கிராஸ்பியைக் காட்டுங்கள். 2011 ஜனவரி முதல் வாரத்தில், நான்கு நாள் இடைவெளியில், தலையில் இரண்டு அடி வாங்கினார். உலகின் முதல் ஆட்டக்காரர் என்று பேசப்பட்ட நேரம் அது. நவம்பர் 21 வரை ஆடவில்லை. திரும்பி வந்து டிசம்பரில் அறிகுறி மறுபடி தெரிந்ததும் மீண்டும் உட்கார்ந்தார். அப்படிக் காத்திருந்தவர்தான் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டும் என்.எச்.எல். வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

மாத்திரை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். டெரெக் பூகார்ட் எதிரணி முரடர்களோடு கைகலப்பதற்கென்றே அணியில் வைக்கப்பட்டிருந்தவர். தோள், மூக்கு என்று அறுவை சிகிச்சைகள், அவற்றுக்கு வலி மாத்திரைகள், தூக்கத்துக்கு வேறு மாத்திரைகள். பல மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2011 மே 13 அன்று மதுவும் ஆக்சிகோடோன் என்ற வலி மாத்திரையும் சேர்ந்து உயிரைக் குடித்தன. வயது 28. பிறகு அவர் மூளையைப் பரிசோதித்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் அதற்குள்ளேயே தொடங்கியிருந்ததைக் கண்டார்கள். அவர் குடும்பத்துக்குத் தெரியாமல் போனது ஒரு எளிய விவரம்: எந்தெந்த மாத்திரை, யார் கொடுத்தது, மொத்தம் எத்தனை. அதை அறிய ஒரு தாள் போதும்.

நம் ஊர் கிளினிக்குகளில் மருத்துவரிடமே மருந்தும் வாங்கிவிடுகிறோம். சின்ன பிளாஸ்டிக் பைகளில், மேலே ஒட்டிய தாளில் 'வலிக்கு' என்று மட்டும் கையால் எழுதியிருக்கும். அந்தப் பைகள் மூன்று மாதம் கழித்தும் ஹாக்கி பையின் பக்கவாட்டு ஜிப்பில் கிடக்கும். கிளம்பும் முன் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பெயர் தெரியாத மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். மீதிக்கு ஒரு தாள்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்காக, கொடுத்தவர், தொடங்கிய நாள், முடியும் நாள். 'முடியும் நாள்' காலியாக இருக்கும் வலி மாத்திரைதான் கவலைக்குரியது. இந்தத் தாளின் படம் அவன் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் இருக்கட்டும். யார் புதிதாக மருந்து கொடுத்தாலும் முதலில் இதைக் காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

சில விவரங்கள். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் 24 மணி நேரத்துக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. அதற்கு மேல் போனால் ஈரல் கெடும். வலிக்கான கூட்டு மாத்திரைகளிலும் சளி மருந்துகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருப்பதால் இரண்டும் சேர்ந்து அளவு தாண்டிவிடுவது உண்டு. தலையில் அடிபட்ட முதல் இரண்டு நாள் பொன்ஸ்தான், வோரென், புருஃபென் வகைகளைத் தொடாதீர்கள், இரத்தக் கசிவு இருந்தால் அதைக் கூட்டக்கூடும். டிரமடோல் என்ற வலி மாத்திரை 2024 ஜனவரி 1 முதல் போட்டி நாட்களில் தடை செய்யப்பட்ட மருந்து. மூக்கடைப்புக்கு வாங்கும் கிளாரினேஸில் உள்ள சூடோஎஃபெட்ரினும் அளவு மீறினால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிவிடும். 'மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து' என்று விற்கும் ஜாமு பொடிகளிலும் மாத்திரைகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அன்பாக யார் கொடுத்தனுப்பினாலும் அந்தப் பொட்டலம் விமானம் ஏற வேண்டாம். புதிதாக வீங்கிய இடத்தில் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் முதல் இரண்டு நாள் வேண்டாம்.

தூக்க மாத்திரை எப்படி நுழைகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டம் இரவு பத்துக்கு முடிகிறது. உடம்பு இன்னும் ஆட்டத்திலேயே இருக்கிறது, நடுவில் குடித்த காபியும் இறங்கவில்லை. மறுநாள் காலை பஸ். அணித்தோழன் ஒரு மாத்திரை நீட்டுகிறான். அடுத்த வாரம் இரண்டு பியரோடு அதே மாத்திரை. ஓபியாய்டு வலி மாத்திரை (ஆக்சிகோடோன், டிரமடோல் போன்றவை), தூக்க மாத்திரை, மது மூன்றும் மூச்சை மெதுவாக்குபவை. தனித்தனியாகத் தாங்கிய உடம்பு மூன்றையும் சேர்த்துத் தாங்காது. ஒருவன் எழுப்பியும் எழாமல், குறட்டை போல இழுத்து இழுத்து மூச்சு விட்டால், அவசர எண்ணை அழைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருக்க வேண்டும். 'தூங்கட்டும்' என்று விட்டுப் போவதில்தான் உயிர் போகிறது. கனடாவின் மருந்தகங்களில் ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்ஸோன் மூக்கு ஸ்பிரே மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும்; அறையில் ஒன்று இருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

வாரக்கணக்கில் ஓபியாய்டு எடுத்திருந்தால் திடீரென நிறுத்தவும் கூடாது. வியர்வை, வயிற்றுப்போக்கு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். அதைத் தாங்காமல்தான் திரும்ப எடுக்கிறார்கள். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பணம்

தந்தையோ தாயோ கையெழுத்துப் போட எல்லா அதிகாரமும் வாங்கி வைத்துக்கொள்வது நம் வீடுகளில் அக்கறையாகவே பார்க்கப்படுகிறது. அங்கேதான் சறுக்கல். தற்காப்பு ஆட்டக்காரர் ஜாக் ஜான்சன் 2011இல் ஏழு ஆண்டுகளுக்கு 30.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டவர். 2014 அக்டோபரில் திவால் மனு கொடுத்தார். அவர் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி பெற்றிருந்த பெற்றோர், வரப்போகும் சம்பளத்தைக் காட்டி அதிக வட்டிக்கு வாங்கிய கடன்களே காரணம் என்று செய்திகள் விரிவாக எழுதின. 

பவர் தேவையென்றால் ஒரே ஒரு வேலைக்கு எழுதுங்கள்: இந்த வாகனத்தை விற்க, இந்தக் கணக்கை மூட. முடிவுத் தேதி போடுங்கள். கடன் வாங்கும் அதிகாரம் கிடையாது என்று தனி வரி இருக்கட்டும். மலேசியாவில் பயன்பட வேண்டுமானால் அதன் நகலை உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்தால்தான் செல்லும். வழக்கறிஞர் அதைச் செய்தாரா என்று கேட்டுச் சரிபாருங்கள். கணக்கைப் பார்க்கும் அனுமதி இருவருக்கும், பணம் எடுக்கும் அனுமதி ஆட்டக்காரருக்கு மட்டும் என்றிருப்பதே எங்கள் பரிந்துரை.

சம்பளத் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். என்.எச்.எல்.லில் 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 775,000 அமெரிக்க டாலர். கேட்டால் தலை சுற்றும். அதிலிருந்து வருமான வரி, சம்பளத்தில் லீக் பிடித்து வைக்கும் ஒரு பங்கு (எஸ்க்ரோ), ஏஜென்டின் பங்கு எல்லாம் போகும். பாதிதான் கையில் வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். சம்பளம் ஆட்டப் பருவத்தில் மட்டும்தான் வரும், கோடையில் வராது. வந்ததைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவு வைக்காதவர் ஜூலையில் கடன் கேட்பார். இருவழி ஒப்பந்தம் என்றால் மேல் லீக்கில் ஒரு சம்பளம், கீழ் லீக்குக்கு அனுப்பினால் அதைவிடப் பல மடங்கு குறைந்த சம்பளம். வீட்டு வாடகையையும் கார் தவணையையும் கீழ்ச் சம்பளத்துக்குள் அடக்குங்கள். இவ்வளவு பெரிய தொகை பெரும்பாலோருக்கு வாழ்நாளில் வராது என்பதையும் மனதில் வையுங்கள். சிறிய லீக்குகளில் வாரக்கூலி போலத்தான் வரும், அதற்கும் இதே கணக்குதான்.

வீட்டில் யாருக்கும் அவன் சம்பளத்தைக் காட்டிக் கடன் வேண்டாம், கந்துவட்டிக்கு விடும் ஆலோங்கிடம் அறவே வேண்டாம். கடன் ஏற்கெனவே கழுத்தை நெரித்தால் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அலுவலகத்தில் இலவசமாக உட்கார்ந்து பேசலாம்.

தங்கும் வீடும் கோச்சும்

ஜூனியர் அணிகளில் பிள்ளை உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்குவான். போகுமுன் அந்தக் குடும்பத்தோடு வீடியோவில் பேசுங்கள். யார் யார் இருக்கிறார்கள், அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, வீட்டில் மது எங்கே இருக்கிறது, சாப்பாட்டில் மாட்டிறைச்சி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல குடும்பம் இதற்குக் கோபப்படாது.

கோச் மீது கண்மூடி நம்பிக்கை வேண்டாம். கனடாவில் ஷெல்டன் கென்னடி என்ற ஆட்டக்காரரை ஜூனியர் காலத்தில் அவருடைய கோச் கிரஹாம் ஜேம்ஸ் ஆண்டுக்கணக்கில் பாலியல் வதை செய்தார். 1997இல் ஜேம்ஸ் சிறைக்குப் போனார். தியோ ஃபிளியூரியும் அதே ஆளிடம் சிக்கியவர், பிறகு மதுவிலும் போதையிலும் பல ஆண்டுகள் தொலைந்தார். கோச்சும் பிள்ளையும் மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக் கூடாது, கோச் வீட்டில் இரவு தங்கக் கூடாது, செய்திகள் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் வர வேண்டும். இந்த மூன்றையும் அணி நிர்வாகத்துக்கு எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள். இங்கே நடந்தால் 15999 தாலியான் காசே உதவி எண், அல்லது நேராகக் காவல்துறை.

நிறத்தைச் சொல்லி ஏசுவதும் நடக்கும். தேதி, இடம், சொன்ன சொல், கேட்டவர் யார் என்று அன்றிரவே கைப்பேசியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஆட்டக்காரர் அகிம் அலியூ, தன் பழைய கோச் பத்தாண்டுகளுக்கு முன் இனத்தைச் சொல்லி ஏசியதை 2019இல் வெளிப்படுத்தியதும், அப்போது கால்கரி அணியில் இருந்த அந்தக் கோச் சில நாட்களில் பதவி விலகினார்.

போன்

குளிர்காலத்தில் டொரோண்டோ நம்மைவிட 13 மணி நேரம் பின்னால். அங்கே ஆட்டம் முடியும்போது இங்கே அடுத்த நாள் காலை பத்தரை, பதினொன்று. அந்த நேரத்தில் அழைத்து "ஏன் கோல் போடல?" என்று கேட்காதீர்கள். ஆட்டமில்லாத நாளில் வாரம் ஒரு முறை, நேரம் மாறாமல், முகம் பார்த்துப் பேசுங்கள். "சாப்பிட்டியா?" என்றால் "ம்" என்றுதான் வரும். "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கின? இந்த வாரம் என்ன மாத்திரை போட்ட? ஹாக்கி இல்லாம யார்கூட வெளிய போன?" என்று கேளுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து கேமராவை அணைத்துப் பேசினால், காசு கேட்பது கூடினால், "எல்லாம் ஓகேதான்மா" ஒரே தொனியில் வந்தால், தங்கியிருக்கும் குடும்பத்தை அன்றைக்கே அழையுங்கள்.

"எனக்கு முடியலப்பா" என்று சொல்லிவிட்டால், உடனே புத்தி சொல்லத் தொடங்காதீர்கள். "சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப பக்கத்துல யார் இருக்காங்க?" என்று கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஆமென்றால் தனியாக விடாமல் அங்குள்ளவர் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். நம் பக்கம் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929, ஹீல் தொலைபேசி 15555; பெற்றோரும் தங்களுக்காக அழைக்கலாம்.

உதவி கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் எல்லாரிடமும் இருக்கிறது. என்.எச்.எல்.லும் ஆட்டக்காரர் சங்கமும் 1996 முதல் சேர்ந்து நடத்தும் உதவித் திட்டத்தில் தானாக முதல்முறை சேர்பவருக்குச் சம்பளம் நிற்காது. பாபி ரையன் 2019 நவம்பரில் மதுப் பழக்கத்துக்காகச் சேர்ந்தார். 2020 பிப்ரவரி 27 அன்று சொந்த மண்ணில் திரும்ப ஆடிய முதல் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து, பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். கோல்காப்பாளர் கேரி பிரைஸ் உச்சத்தில் இருந்தவர், 2021இல் சேர்ந்ததை வெளிப்படையாகவே சொன்னார். சிறிய லீக் என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: மனநல மருத்துவருக்கு யார் பணம் கட்டுவது, காப்புறுதியில் அது உண்டா, கோச்சுக்குத் தெரியாமல் போக முடியுமா.

திரும்பி வந்தால்

பிள்ளை எங்கிருந்தாலும் பள்ளிப் படிப்பை முடிக்காமல் விட வேண்டாம். கனடாவின் ஜூனியர் அணிகள் ஆடிய பருவங்களுக்கு ஈடாகக் கல்விக் கட்டணம் தருகின்றன. எந்த ஒப்பந்தம் போட்டால் அது ரத்தாகும், எத்தனை மாதத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பருவத்தின் நடுவில் அணி விடுவித்து அவன் கே.எல்.ஐ.ஏ.வில் வந்து இறங்கினால், முதல் இரண்டு வாரம் உறவினர் வீடுகளுக்கு அழைத்துப் போக வேண்டாம். தலைக்காயம் இருந்திருந்தால் அங்குள்ள மருத்துவக் குறிப்புகள் முழுவதையும் கேட்டு வாங்குங்கள். அணியை விட்டு நாளாக ஆக அவை கிடைப்பது கடினம். மாத்திரைத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். தூங்கும் எழும் நேரம் ஒழுங்காகட்டும், தினமும் உடற்பயிற்சி தொடரட்டும். பத்து ஆண்டு ஓடிய உடம்பைச் சட்டென நிறுத்தினால் மனம் சேர்ந்து விழும். ஹாக்கி பையைத் திறந்து எல்லாவற்றையும் மின்விசிறியின் கீழ் காய வையுங்கள். ஸ்கேட் பிளேடை உலர்ந்த துணியால் துடைத்து, பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுத் துணி உறை போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே துருப் பிடித்துவிடும். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அவன் பிறகு சொல்லட்டும்.